பெர்னார்ட் யார்? பழைய பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர்களுக்குள் ஓடும் உறவுக்கொடி

'டாக்டர் ஹூ', காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் 'டாக்டர்' என்ற வேற்றுலகவாசியைப் பற்றிய பிபிசி தொடர்; எந்திரக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகள் அவருடைய எதிரிகள். 1988இல் ஒளிபரப்பான அதன் கதை ஒன்றின் பெயர் 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் த டாலெக்ஸ்'. கதை நடப்பது 1963இன் லண்டனில். வேற்றுலகத்து எதிரியின் முன் கைபிசைந்து நிற்கும் பெண் விஞ்ஞானி, பெர்னார்ட் இங்கே இருந்தால் நன்றாக இருக்குமே என்கிறார். பிரிட்டிஷ் ராக்கெட் குழுவுக்கு அதன் பாடே பெரும்பாடாக இருக்கிறது என்று உதவியாளர் பதில் சொல்கிறார். அவ்வளவுதான். பெர்னார்ட் யாரென்று எவரும் விளக்குவதில்லை. அவர் திரைக்கு வருவதுமில்லை.

அந்தப் பெர்னார்ட், ராக்கெட் குழுவின் தலைவரான பேராசிரியர் பெர்னார்ட் குவாட்டர்மாஸ். 1953இல் வந்த வேறொரு தொடரின் நாயகர். அவரை எழுதியவரும் வேறு.

பழைய தொடர்களை இன்று இணையத்தில் தேடிப் பார்ப்பவர்களுக்கு இத்தகைய இடங்கள் குழப்பம் தருகின்றன. 'டாக்டர் ஹூ'வில் பார்த்த முகம் 'பிளேக்ஸ் செவ'னில் வருகிறது. டாலெக் குரல் 'தண்டர்பேர்ட்ஸ்' பொம்மையின் வாயிலிருந்து கேட்கிறது. இவை எல்லாம் ஒரே கதையுலகமா? இன்றைய சூப்பர் ஹீரோ படங்கள் பழக்கிவிட்ட கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். உண்மையில் இந்தத் தொடர்கள் கதையால் இணைந்தவை அல்ல, ஆட்களால் இணைந்தவை. அந்த ஆட்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட ஒப்பந்தங்கள்தான் கதைகளைச் சேரவிடாமல் தடுத்தன. இரண்டும் எப்படி நடந்தன என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

யார் எடுத்தார்கள், யார் எழுதினார்கள்

முதலில் நிறுவனங்கள்.

1. பிபிசி. தொலைக்காட்சி வைத்திருப்போர் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. காட்சி அமைப்பு, சிறப்புக் காட்சிகள், ஆடை, ஒலி என்று எல்லாப் பிரிவுகளும் உள்ளேயே இருந்தன. மேற்கு லண்டனின் டெலிவிஷன் சென்டர் கட்டடம் 1960இல் திறக்கப்பட்டபின் பெரும்பாலான வேலைகள் அங்கேதான்.

2. ஐடிவி. 1955இல் தொடங்கிய விளம்பர அலைவரிசை. ஒரே நிறுவனம் என்று எண்ணிவிடக் கூடாது. வட்டாரத்துக்கு ஒன்றாகப் பல கம்பெனிகளின் கூட்டு. ஏபிசி, ஏடிவி, தேம்ஸ் ஆகியவை இந்தக் கட்டுரையில் வரும்.

3. ஐடிசி. லூ கிரேடின் கம்பெனி. வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில் விற்பதற்கென்றே தொடர்களைத் தயாரித்தது. 'தண்டர்பேர்ட்ஸ்' எடுத்த ஜெரி ஆண்டர்சனின் தொடர்கள் பலவும் இதன் பணத்தில் வந்தவை.

பார்த்த மாத்திரத்தில் பிபிசி தொடர்கள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதற்கும் காரணம், எல்லா வேலையும் உள்ளேயே நடந்ததுதான். உட்புறக் காட்சிகளை ஸ்டுடியோவில் பல கேமராக்களை வைத்து வீடியோவில் எடுப்பார்கள்; வெளிப்புறக் காட்சிகளைப் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுப்பார்கள். கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் படத்தின் நிறமே மாறும். ஆண்டர்சனுடைய தொடர்களோ முழுக்க 35 மில்லிமீட்டர் சுருளில் சினிமாவைப்போல எடுக்கப்பட்டவை.

அடுத்து வேலைகள். தயாரிப்பாளர் பணத்துக்கும் ஆளுக்கும் பொறுப்பு. ஸ்கிரிப்ட் எடிட்டர் எழுத்தாளர்களைத் தேடிப் பிடிப்பார், வந்த கதையைத் திருத்துவார், தேவைப்பட்டால் பாதியைத் தானே எழுதுவார். எழுத்தாளரோ வெளியாள், கதைக்கு இவ்வளவு என்று பேசி எழுதுபவர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் உருவாக்குவது பிபிசிக்குச் சொந்தம். வெளியிலிருந்து எழுதுபவர் கதைக்காகப் புதிதாக உண்டாக்கும் பாத்திரத்திலும் உயிரினத்திலும் அவருக்கு உரிமை நின்றது.

டாலெக்குகளே இதற்குச் சரியான உதாரணம். கதையில் அவற்றை உண்டாக்கிய டெர்ரி நேஷன் அவற்றின் உரிமையில் பங்கு பெற்றுப் பணக்காரர் ஆனார். அந்த உருவத்தை வரைந்த ரேமண்ட் கியூசிக் பிபிசி ஊழியர். பொம்மைக் கடைகளில் டாலெக் குவிந்தபோதும் அவருக்குப் பங்கு இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி விளங்கிவிடும்.

வேர்: 1953இன் ராக்கெட்

'த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' 1953 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆறு பகுதிகளாக பிபிசியில் வந்தது. எழுதியவர் நைஜல் நீல், இயக்கியவர் ருடால்ஃப் கார்டியர். நேரடி ஒளிபரப்பு, நடிகர்கள் அந்த நிமிடத்தில் நடித்ததை மக்கள் அந்த நிமிடத்தில் பார்த்தார்கள். இன்று எஞ்சியிருப்பது முதல் இரண்டு பகுதிகள் மட்டும்.

மூவர் ராக்கெட்டில் போகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்புகிறார். அவரும் மெல்ல மெல்ல மனிதராக இல்லாமல் போகிறார். கதையின் முடிவு வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில். 1955இல் 'குவாட்டர்மாஸ் டூ', 1958 டிசம்பரில் 'குவாட்டர்மாஸ் அண்ட் த பிட்' தொடர்ந்தன. இடையில் 1954இல் நீலும் கார்டியரும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை நாடகமாக்கினார்கள். நாயகர் பீட்டர் குஷிங். அதே குஷிங்தான் 1965, 1966இல் வந்த இரண்டு டாலெக் சினிமாக்களில் டாக்டராக நடித்தார்.

நீல் போட்ட வார்ப்புகள் மூன்று என்று சொல்லலாம். வெளியே போனது வேறொன்றாகத் திரும்பி வருவது. வேற்றுலகப் படை ஏற்கெனவே அரசாங்கத்துக்குள் நுழைந்துவிட்டிருப்பது. மண்ணுக்கடியில் கிடைக்கும் ஒன்று, பேய், சாத்தான் என்று நாம் நம்பியவற்றுக்கெல்லாம் வேறு விளக்கம் தருவது. பின்னால் வந்தவர்கள் இந்த மூன்றிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

எடுத்தது எவ்வளவு என்பதற்கு 1970 ஜனவரியே போதும். 'டாக்டர் ஹூ' அப்போதுதான் வண்ணத்துக்கு மாறியது. டாக்டர் பூமிக்கு நாடு கடத்தப்பட்டு, 'யூனிட்' என்ற ராணுவப் பிரிவுக்கு அறிவியல் ஆலோசகராகிறார். விண்வெளிப் பயணம் போய், அரசாங்கத்தோடு மல்லுக்கட்டும் விஞ்ஞானி வருகிறார். பெயர் மட்டும்தான் வேறு, ஆள் குவாட்டர்மாஸ். அந்தப் பருவத்தின் முதல் கதையான, ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பே'ஸில் விண்கற்கள்போல் உருண்டைகள் விழுகின்றன, ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை எதிரியின் கையில் இருக்கிறது, உயர் பதவியாளர்களுக்குப் பதிலாகப் போலிகள் உட்காருகிறார்கள். 'குவாட்டர்மாஸ் டூ'வில் விண்கற்கள் விழுகின்றன, ரகசியத் தொழிற்சாலை இருக்கிறது, அதிகாரிகள் எதிரியின் பிடியில் இருக்கிறார்கள். 1971இன் 'த டீமன்ஸ்' கதையில் தொல்பொருள் அகழ்வில் எழுந்து வரும் சாத்தான் உண்மையில் வேற்றுலகவாசி. 'பிட்'டைப் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

நீலுக்கு இதில் மகிழ்ச்சி ஏதும் இல்லை. 'டாக்டர் ஹூ' அவருக்குப் பிடிக்காது. எழுத அழைத்தபோது மறுத்தார். ஆக, கொடியின் வேர் கிளையைத் தன்னுடையது என்று ஒருபோதும் ஏற்கவில்லை. 1988இல் பெர்னார்டின் பெயரை நுழைத்தது ஒரு இளம் எழுத்தாளர், பென் ஆரனோவிச், செலுத்திய மரியாதை. முழுப் பெயரைச் சொல்லாமல் முதற்பெயரோடு நிறுத்திக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நியூமன் கூட்டி வந்தவர்கள்

'டாக்டர் ஹூ' பிபிசிக்குள்ளேயே முளைத்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. அதைத் தொடங்கிவைத்த சிட்னி நியூமன் கனடாக்காரர். ஐடிவியின் ஏபிசி கம்பெனியில் நாடகப் பிரிவின் தலைவராக இருந்தவர். அங்கே 1960இல் 'பாத்ஃபைண்டர்ஸ் இன் ஸ்பேஸ்' என்ற சிறுவர் விண்வெளித் தொடரைத் தயாரித்தார். அதன் எழுத்தாளர்களில் ஒருவர் மால்கம் ஹல்க். 1962இல் அதே ஏபிசியில் 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' என்ற தனிக்கதைத் தொடர். கதைப் பொறுப்பு ஐரீன் ஷூபிக். அதற்கு எழுதியவர்களில் டெர்ரி நேஷனும் உண்டு.

நியூமன் பிபிசிக்கு மாறினார். தன்னோடு ஏபிசியில் தயாரிப்பு உதவியாளராக இருந்த வெரிட்டி லாம்பர்ட்டை அழைத்து, 27 வயதில் அவரைத் தயாரிப்பாளராக்கினார். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். 1963 நவம்பர் 23 அன்று முதல் பகுதி வந்தது. ஷூபிக்கும் பிபிசிக்கு வந்து 1965இல் 'அவுட் ஆஃப் தி அன்னோன்' தொடரைத் தொடங்கினார். பெயரிலேயே பழைய தொடரின் வாடை அடிக்கிறது. ஹல்க் பின்னாளில் 'த வார் கேம்ஸ்', 'த சீ டெவில்ஸ்' உள்ளிட்ட டாக்டர் கதைகளை எழுதினார். ஒருவர் வேலை மாறியதில் ஒரு பட்டறையே இடம் பெயர்ந்தது.

இந்த வழியில் ஒரு அழகான வளைவும் இருக்கிறது. 1979இல் குவாட்டர்மாஸ் கடைசி முறையாக ஒரு புதிய தொடரில் வந்தார். இம்முறை ஐடிவியில், ஜான் மில்ஸ் நடிப்பில். அதன் நிர்வாகத் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். 'டாக்டர் ஹூ'வின் முதல் தயாரிப்பாளர் கையில்தான் அந்தப் பழைய பேராசிரியரின் முடிவும் வந்து சேர்ந்தது.

டெர்ரி நேஷன்: ஒரே கவலை, மூன்று தொடர்

வேல்ஸின் கார்டிஃப் நகரத்தவரான நேஷன் நகைச்சுவை எழுத்தாளராகத் தொடங்கியவர். நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக்குடன் பிணக்கு ஏற்பட்டு வேலை போன நேரத்தில்தான் 'டாக்டர் ஹூ' வாய்ப்பை ஏற்றார். பூச்சிக்கண் அரக்கர்கள் வேண்டவே வேண்டாம் என்று நியூமன் விதித்திருந்தார். நேஷன் டாலெக்கைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே நாடு முழுவதும் பிள்ளைகள் அந்தக் குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரியும்: நோயில்லாமல் அவருக்குக் கதை ஓடாது. 1964இன் 'த டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்'த்தில் டாலெக்குகள் இறங்குவதற்கு முன் விண்கற்களோடு கொள்ளைநோய் வந்து மக்கள்தொகையைக் குறைத்துவிடுகிறது. 1973இன் 'பிளானட் ஆஃப் த டாலெக்'ஸில் நுண்ணுயிர் ஆயுதம். 1974இன் 'டெத் டு த டாலெக்'ஸில் கொள்ளைநோய்க்கு மருந்து தேடும் பயணம். 1975இன் 'தி ஆண்ட்ராய்ட் இன்வேஷ'னிலும் வைரஸ்.

அந்த 1975இன் ஏப்ரலில் இரண்டு தேதிகள் அருகருகே நிற்கின்றன. சனிக்கிழமை 12ஆம் தேதி 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' கதையின் கடைசிப் பகுதி. புதன்கிழமை 16ஆம் தேதி 'சர்வைவர்ஸ்' தொடரின் முதல் பகுதி. இரண்டையும் எழுதியவர் நேஷன். நான்கு நாள் இடைவெளியில், இன அழிப்புப் போரின் கதை முடிந்து, கொள்ளைநோயில் மனித இனம் ஏறக்குறைய அழிந்தபின் எஞ்சியவர்களின் கதை தொடங்கியது. டாலெக் கதைகளில் பின்னணியாகக் கிடந்த நோய், இங்கே டாலெக் இல்லாமலேயே முன்னுக்கு வந்துவிட்டது. என் கணக்கில் 'சர்வைவர்ஸ்' நேஷனின் ஆகச் சிறந்த கதை. எதிரி என்று சுட்டிக்காட்ட ஆளில்லாத நிலையில் உப்பு, தீக்குச்சி, விதை என்று எண்ணிக்கொண்டிருக்கும் மனிதர்களை அவர் வேறெங்கும் இவ்வளவு கூர்மையாக எழுதவில்லை.

தொடர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் தயாரிப்பாளர் டெரன்ஸ் டட்லியோடு ஒத்துப்போகாமல் முதல் பருவத்தோடு விலகினார். தொடர் அவர் இல்லாமலே 1977வரை ஓடி, மொத்தம் 38 பகுதிகளை எட்டியது. அவரோ 1978 ஜனவரி 2 அன்று 'பிளேக்ஸ் செவ'னோடு திரும்பினார். மக்களுக்கு மருந்து கொடுத்து மந்தமாக வைத்திருக்கும் ஃபெடரேஷன் அரசும், அதை எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும் சிறு கூட்டமும் கதை. சீருடை அணிந்த கொடுங்கோன்மைக்கு எதிரே ஒரு கைப்பிடி மனிதர்கள். டாலெக் கதையின் அச்சேதான், டாலெக்கை மட்டும் கழற்றிவிட்டார்.

நேஷனிடம் இன்னொரு விந்தை: 'டாரன்ட்' என்ற பெயர்மீது அவருக்கு விடாத பற்று. 'டெத் டு த டாலெக்'ஸில் ஜில் டாரன்ட். 'பிளேக்ஸ் செவன்' முதல் பகுதியிலேயே ஒரு டாரன்ட், மூன்றாம் பருவத்தில் முக்கியப் பாத்திரமாக இன்னொரு டாரன்ட். ரசிகர்கள் இதை வைத்து வம்ச வரலாறே எழுதிவிட முடியும். ஆனால் பெயர் ஒன்று என்பதால் குடும்பம் ஒன்றாகிவிடாது. எழுத்தாளருக்குக் கைவந்த பெயர், அவ்வளவே.

சைபர்மேன் வீட்டிலிருந்து டூம்வாட்ச்

கிட் பெட்லர் லண்டன் பல்கலைக்கழகத்தில் கண் மருத்துவ ஆராய்ச்சியாளர். 'டாக்டர் ஹூ'வுக்கு அறிவியல் ஆலோசகராக வந்தவர், ஸ்கிரிப்ட் எடிட்டர் ஜெரி டேவிஸோடு சேர்ந்து 1966இல் சைபர்மேன் என்ற எந்திர மனிதர்களை உருவாக்கினார். உடலுறுப்புகளை ஒவ்வொன்றாக எந்திரத்தால் மாற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் மனிதன் காணாமற்போவான் என்பது அவரது மருத்துவக் கவலை. அந்தக் கவலையை இருவரும் பெரியவர்களுக்கான தொடராக்கியதுதான் 'டூம்வாட்ச்' (1970-72): விஞ்ஞானத்தின் பின்விளைவுகளைக் கண்காணிக்கும் ஒரு அரசுத் துறையின் கதை. முதல் பகுதியில் பிளாஸ்டிக்கைத் தின்னும் உயிரி தப்பிவிடுகிறது.

அதன் தயாரிப்பாளர் டெரன்ஸ் டட்லி. ஆம், பின்னால் 'சர்வைவ'ர்ஸில் நேஷனோடு முரண்பட்ட அதே டட்லி. 1980களில் 'டாக்டர் ஹூ'வுக்கு இயக்கவும் எழுதவும் வந்தார்.

பிளேக்ஸ் செவன்: அடுத்த அறைக்குப் போன ஆட்கள்

இரண்டு தொடர்கள் ஒரே உலகமோ என்ற ஐயம் மிகுதியாக எழுவது இங்கேதான். காரணத்தைப் பட்டியலாகவே சொல்லிவிடலாம்.

1. தயாரிப்பாளர் டேவிட் மலோனி, 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெ'க்ஸை இயக்கியவர்.

2. ஸ்கிரிப்ட் எடிட்டர் கிறிஸ் பௌச்சர், 1977இல் 'த ஃபேஸ் ஆஃப் ஈவில்', 'த ரோபாட்ஸ் ஆஃப் டெத்', 'இமேஜ் ஆஃப் த ஃபெண்டால்' என்று மூன்று டாக்டர் கதைகளை எழுதியவர்.

3. இசை டட்லி சிம்சன். 1970களின் 'டாக்டர் ஹூ'வில் பெரும்பகுதி அவர் கைவண்ணம். தேம்ஸின் 'த டுமாரோ பீப்பிள்' தலைப்பிசையும் அவருடையதே.

4. 52 பகுதிகளில் நேஷன் எழுதியது 19. மீதியில் ராபர்ட் ஹோம்ஸ் உள்பட டாக்டர் கதைக்காரர்கள் பலர்.

முதல் பருவத்தின் 13 பகுதிகளையும் நேஷன் ஒருவரே எழுதினார். பௌச்சர் அவற்றைத் திருத்தினார். பிறகு நேஷன் விலக விலக, தொடரின் நாக்கு பௌச்சரின் நாக்காக மாறியது. கூட்டத்தில் ஒருவனான ஏவனின் குத்தலான பேச்சுக்கும் 'த ரோபாட்ஸ் ஆஃப் டெ'த்தில் ஆளை ஆள் கடித்துக்கொள்ளும் உரையாடலுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயல் அல்ல. எழுதிய கை ஒன்று.

ஆண்டர்சன்: தனி ஆறு, சில பாலங்கள்

ஜெரி, சில்வியா ஆண்டர்சனின் பொம்மைத் தொடர்கள் ஸ்லவ் ஊரில் எடுக்கப்பட்டவை. 'சூப்பர்கார்', 'ஃபயர்பால் எக்ஸ்எல்5', 'ஸ்டிங்ரே', 1965இல் 'தண்டர்பேர்ட்ஸ்'. 1970இல் மனிதர்கள் நடித்த 'யூஎஃப்ஓ'. அதன் இரண்டாம் பருவத்துக்காகத் திட்டமிட்ட நிலாத்தளக் கதையே உருமாறி 1975இல் 'ஸ்பேஸ்: 1999' ஆனது. இங்கே பணமும் வேறு, சந்தையும் வேறு. சிறப்புக் காட்சிகளை அமைத்த டெரெக் மெடிங்ஸும் பிரையன் ஜான்சனும் அங்கிருந்து ஜேம்ஸ் பாண்ட், 'ஏலியன்' போன்ற பெரும் சினிமாவுக்குப் போனார்கள். பிபிசி பக்கம் வரவில்லை.

பாலங்கள் குறைவு, ஆனால் சுவையானவை. டாலெக்கின் முதல் குரல்காரர்களில் ஒருவரான டேவிட் கிரஹாம்தான் 'தண்டர்பேர்'ட்ஸில் லேடி பெனலோப்பின் கார் ஓட்டுநர் பார்க்கர். 1979இல் 'சிட்டி ஆஃப் டெ'த்தில் விஞ்ஞானியாக நேரிலும் வந்தார். ஆண்டர்சனுக்கு எழுதிக்கொண்டிருந்த டென்னிஸ் ஸ்பூனர் 1965இல் 'டாக்டர் ஹூ'வின் ஸ்டோரி எடிட்டர். எதிர்த்திசையில், 'ஸ்பேஸ்: 1999'இன் ஸ்டோரி எடிட்டர் ஜானி பர்ன் 1980களில் டாக்டருக்கு மூன்று கதைகள் எழுதினார்.

மிக நல்ல பாலம் திரையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. 1965 ஜனவரியில் 'டிவி செஞ்சுரி 21' என்ற வாரச் சித்திரக்கதை இதழ் வந்தது; நூறாண்டு தள்ளி 2065 என்று தேதியிட்ட செய்தித்தாள்போல. உள்ளே ஆண்டர்சனின் நாயகர்கள், பின்னட்டையில் டாலெக்குகள். டாலெக்குகள் மட்டும்; டாக்டர் கிடையாது. டாக்டரை வரையும் உரிமை 'டிவி காமிக்' என்ற வேறு இதழிடம் இருந்தது. தொலைக்காட்சியில் பிரிக்க முடியாத இருவரை ஒரு ஒப்பந்தத் தாள் இரண்டு கடைகளில் உட்காரவைத்தது.

சாமான்கள், முகங்கள்: எதை நம்பக் கூடாது

1967இல் 'அவுட் ஆஃப் தி அன்னோன்' தொடருக்காக ஐசக் அசிமோவின் கதை ஒன்றை 'த ப்ராஃபெட்' என்று எடுத்தார்கள். அதற்குச் செய்த ரோபாட் உடைகள் அடுத்த ஆண்டே 'டாக்டர் ஹூ'வின் 'த மைண்ட் ராப'ரில் நடமாடின. சிக்கனம்தான் காரணம், கிடங்கில் இருப்பதை யாராவது எடுத்துக்கொள்வார்கள். சர்ரே மாவட்டத்தின் கல்குவாரிகள் எத்தனை கிரகங்களாக நடித்தன என்பதற்குக் கணக்கே இல்லை.

நடிகர்களும் அப்படியே. 'பிளேக்ஸ் செவ'னில் ஏவனாக நடித்த பால் டாரோ 1970இலும் 1985இலும் 'டாக்டர் ஹூ'வில் வந்தார். அதே தொடரில் விலாவாக நடித்த மைக்கேல் கீட்டிங் 1977இல் 'த சன் மேக்க'ர்ஸில் இருந்தார். அதில் எதிரி செர்வலானாக நடித்த ஜாக்லின் பியர்ஸ் 1985இல் 'த டூ டாக்ட'ர்ஸில். அப்போது டாக்டராக இருந்த காலின் பேக்கரோ 1980இல் 'பிளேக்ஸ் செவ'னில் கொள்ளைக்காரன் பேபன். லண்டனில் நடிகர்கள் கூட்டம் அவ்வளவு பெரிதல்ல. நடிகர் தேர்வு செய்த இயக்குநர்களும் ஒரே சிலர். வேஷம் மாற்றிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனார்கள் என்பதற்கு மேல் இதில் பொருள் தேடுவது வீண்.

எழுத்தாளர் நகர்வதுதான் பொருளுள்ள நகர்வு. கருத்து அவரோடு போகிறது. டக்ளஸ் ஆடம்ஸ் தான் எழுதிய விண்வெளி நகைச்சுவை நாடகமான 'ஹிச்ஹைக்க'ரின் வானொலி வெற்றிக்குப் பின் 1979இல் 'டாக்டர் ஹூ'வின் ஸ்கிரிப்ட் எடிட்டராக இருந்தபோது, டாக்டர் கையில் இருக்கும் புத்தகத்தின் ஆசிரியர் ஊலான் கொலுஃபிட். 'ஹிச்ஹைக்கர்' உலகத்துக் கற்பனை எழுத்தாளர் அவர். ஏடிவியின் 'சஃபையர் அண்ட் ஸ்டீல்' (1979-82) தொடரில் பி. ஜே. ஹேமண்ட் எழுதாத ஒரே கதையை எழுதியவர்கள் டான் ஹௌட்டனும் அந்தோணி ரீடும். இருவருமே பழைய டாக்டர் ஆட்கள். ஹேமண்ட் 2006இல், 'டாக்டர் ஹூ'விலிருந்து கிளைத்த 'டார்ச்வு'ட்டுக்கு எழுதினார்.

ஏன் ஒரே உலகமாகவில்லை

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஒப்பந்தத்துக்குத் திரும்பலாம். எழுத்தாளர் தான் உண்டாக்கியதைத் தன்னோடு எடுத்துச் செல்லலாம் என்றால், தொடர் அதை வைத்துக்கொள்ள முடியாது. அதன் விளைவுகள்:

1. எழுத்தாளர் சம்மதம் இல்லாமல் டாலெக் வர முடியாது. 2005இல் 'டாக்டர் ஹூ' திரும்பி வரத் தயாரானபோது, நேஷனின் உரிமையைப் பார்த்துக்கொண்டவர்களுடன் பேச்சு முறிந்து, 2004இல் டாலெக் இல்லை என்றே அறிவிப்பு வந்தது. சில வாரங்களில் சமரசம் ஆனது.

2. டாக்டர் இல்லாமல் அவர் கதையின் மற்றப் பாத்திரங்கள் வரலாம். 1995இன் 'டவுன்டைம்' என்ற வீடியோ படத்தில் யூனிட்டின் தலைவராக இருந்த பிரிகேடியரும், யெட்டி என்ற அரக்கர்களும் உண்டு. எழுத்தாளர்களிடம் தனியாக அனுமதி வாங்கியது. டாக்டர் பிபிசியின் சொத்து, ஆகவே அவர் இல்லை.

3. இரண்டு தொடர்களை இணைக்கும் உரிமை சில நேரம் ஒரே மனிதரிடம் இருக்கும். பௌச்சர் 'பிளேக்ஸ் செவ'னுக்காக 1979இல் கார்னெல் என்ற உளவியல் சூழ்ச்சியாளரை எழுதினார். 1999இல் 'த ரோபாட்ஸ் ஆஃப் டெ'த்தின் தொடர்ச்சியாகத் தான் எழுதிய 'கார்ப்ஸ் மார்க்கர்' நாவலில் அதே கார்னெலைக் கொண்டுவந்தார்.

மூன்றாவது விளைவு 2001இல் 'கால்டோர் சிட்டி' என்ற ஒலி நாடகத் தொடராக வளர்ந்தது. ரோபாட்டுகளின் நகரம் 'டாக்டர் ஹூ'வுடையது, கார்னெல் 'பிளேக்ஸ் செவ'னுடையவர், அவர்களுக்கிடையே பால் டாரோவின் குரலில் ஒரு கூலிக் கொலையாளி. ஏவனைப்போலவே பேசுகிறான், ஏவனைப்போலவே யாரையும் நம்பமாட்டான், பெயர் மட்டும் காஸ்டன் இயாகோ. ஏவன் நேஷனின் பாத்திரம், பௌச்சருடையது அல்ல. அவன் ஏவன்தான் என்று கேட்பவர் நினைத்துக்கொள்ளலாம். நாடகம் சொல்ல முடியாது. ஆகவே 'பிளேக்ஸ் செவ'னும் 'டாக்டர் ஹூ'வும் ஒரே உலகமா என்ற கேள்விக்கு, பௌச்சர் எழுதிய மூலையில் மட்டும் ஆம் என்பதே நேர்மையான பதில்.

இதே கணக்கின் கடைசி வரவு, நாய். எந்திர நாய் கே-9ஐ 1977இல் 'டாக்டர் ஹூ'வுக்காக உண்டாக்கியவர்கள் பாப் பேக்கரும் டேவ் மார்ட்டினும். 2009இல் ஆஸ்திரேலியாவில் கே-9க்கென்றே தனித் தொடர் வந்தது. பிபிசி அதில் இல்லை. ஆகவே டாக்டரின் பெயரை எடுக்க முடியாது. முதல் பகுதியில் நாய் எதிர்காலத்து லண்டனில் வந்து இறங்குகிறது, பிறரைக் காப்பாற்றத் தன்னையே வெடித்துக்கொள்கிறது, புது உடலில் எழுகிறது. பழைய எஜமானைப் பற்றிய நினைவு அதற்கு இல்லை. வெடிப்பில் நினைவகம் சேதமாகிவிட்டது என்பது கதை சொல்லும் காரணம்.